பாகப்பிரிவினையைக் காக்கும் மரபணு

ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை நடைபெறும்போது நிலமும் வீடும் பாத்திரபண்டங்களும் சரிவரப் பங்கிடப்பட்டால் அண்ணனும் தம்பியும் அமைதியாய் வாழ்வர். ஒருவனுக்கு ஒரு வயல் கூடிவிட்டாலும், மற்றவனுக்கு ஒரு கிணறு குறைந்துவிட்டாலும் அந்தப் பிணக்கு பிள்ளைகள் காலம்வரை தொடர்வதைக் காண்கிறோம். நம் உடலினுள்ளும் இத்தகைய பாகப்பிரிவினை இரவும் பகலும் இடையறாது நடைபெற்றுக் கொண்டிருக்கிறது. அதில் நேரும் பிழைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவையும், அப்பிழை நேராவண்ணம் காத்து நிற்கும் மரபணு ஒன்றையும் இத்திங்கள் அறிந்து கொள்வோம்.

46 ஏடுகள்

செல் என்று மருத்துவர் கூறும் உயிரணுக்கள் கோடானுகோடி சேர்ந்ததே நம் உடல். சிவப்பணுக்கள், இனப்பெருக்க அணுக்கள் போன்ற சில நீங்கலாக, ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. தந்தை வழியே 23, தாய் வழியே 23. இவற்றை 46 ஏடுகள் எனக் கொண்டால், அவற்றில் எழுதப்பட்டுள்ள கட்டளைகளே மரபணுக்கள். இந்த எண்ணிக்கையைச் சரியாகக் கண்டறிந்தவர்கள் சுவீடனில் ஆய்வு செய்த ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் ஆகிய இருவர், ஆண்டு 1956. அதற்கு முன் 48 என்றே பாடநூல்கள் கூறி வந்தன.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் 46 ஏடுகளுக்கும் படி எடுக்கப்படுகிறது. மூலமும் படியும் உடனே பிரிந்துவிடுவதில்லை. வளையம் போன்ற ஒரு புரதம் அவ்விரண்டையும் பிணைத்து வைக்கிறது. பின்னர் உயிரணுவின் இரு முனைகளிலிருந்தும் நுண்ணிய இழைகள் நீண்டு வந்து ஒவ்வோர் இணையையும் இருபுறமும் பற்றுகின்றன. எல்லா இணைகளும் நடுவே அணிவகுத்து நின்றதும் பிணைப்பு அறுக்கப்படுகிறது. மூலம் ஒரு முனைக்கும் படி மறுமுனைக்கும் இழுக்கப்படுகின்றன. புதிய உயிரணுக்கள் இரண்டும் குறைவின்றி 46 ஏடுகளைப் பெறுகின்றன. ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் இக்காட்சியை நுண்ணோக்கியில் கண்டு 1882-இல் விரிவாக எழுதி வைத்தார்.

கடல் முள்ளெலி கற்பித்த பாடம்

இப்பங்கீடு பிழைத்தால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை தேடியவர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் பொவேரி. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வுக்கூடத்தில் கடல் முள்ளெலி எனும் சிற்றுயிரின் முட்டைகளை அவர் ஆராய்ந்தார். ஒரே முட்டையில் இரு விந்தணுக்கள் புகுமாறு செய்தபோது, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டன. அவ்வாறு பிறந்த கருக்களுள் மிகப் பல சிதைந்து மடிந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனிப் பணி உண்டு, எண்ணிக்கை மட்டும் சரியாயிருந்தால் போதாது, முழுத்தொகுதியும் வேண்டும் என்பதை 1902-இல் அவர் நிலைநாட்டினார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. புற்றுக்கட்டியின் தோற்றம் பற்றி 1914-இல் ஒரு சிறுநூல் எழுதினார். நல்ல உயிரணு ஒன்றில் குரோமோசோம் பங்கீடு பிழைத்து, பெருகுவதைத் தடுக்கும் ஆற்றல் அதனிடமிருந்து பறிபோவதே புற்றுநோயின் தொடக்கமாயிருக்கலாம் என்பது அவர் கருத்து. புற்றுநோயாளிகளை ஆராயாமல், கடல் முள்ளெலியை ஆராய்ந்து கூறிய கருத்து இது! மறு ஆண்டே அவர் காலமானார். ஆய்வில் துணைநின்ற அவருடைய மனைவி மார்செல்லா, அமெரிக்கர். அந்நூலை அவரே 1929-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். இன்று நாம் அறிவது யாதெனில், கட்டியாக வளரும் புற்றுநோய்களுள் ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் குரோமோசோம்கள் கூடியோ குறைந்தோ காணப்படுகின்றன என்பதாகும்.

காவலன் யார்?

இத்தனை நுட்பமான பங்கீடு பெரும்பாலும் பிழையின்றி நடப்பது எங்ஙனம்? விடை கிடைத்தது, ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டிலிருந்து. 1991-இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுவினர், பங்கிடும் இழைகளைக் குலைக்கும் ஒரு வேதிப்பொருளை ஈஸ்ட்டுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இயல்பான ஈஸ்ட், இழைகள் குலைந்ததும் பிரிவதை நிறுத்திக் காத்திருந்தது. சில மரபணுக்கள் பழுதுற்ற ஈஸ்ட்டோ, நிலைமை அறியாது பிரிந்து கொண்டே சென்று மடிந்தது. இவ்வாறு, பங்கீட்டைக் கண்காணித்து, வேண்டும்போது தடுத்து நிறுத்தும் மரபணுக்கள் உள்ளன என்பது புலனாயிற்று. ஒரு குழுவினர் தாம் கண்டவற்றுக்கு 'பப்' என்றும், மறு குழுவினர் 'மாட்' என்றும் பெயரிட்டனர்.

இக்காவல் நடைபெறும் முறை வியப்பூட்டுவது. இழை பற்றாத குரோமோசோம் ஒன்றே ஒன்று இருப்பினும், அதிலிருந்து 'நில்' என்னும் செய்தி உயிரணு முழுவதும் பரவுகிறது. பிணைப்பை அறுக்க வேண்டிய கத்தரி உறைக்குள்ளேயே கிடக்கிறது. கடைசிக் குரோமோசோமும் இருபுறமும் சரியாகப் பற்றப்பட்ட பின்னரே செய்தி அடங்கும், கத்தரி வெளிவரும். 1995-இல் நிக்லாஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் பணியாற்றியவரும் கும்பிடுபூச்சியின் உயிரணுவில் இதனை நேரே சோதித்தனர். ஒருபுறம் மட்டுமே பற்றப்பட்டுத் தளர்ந்து கிடந்த குரோமோசோமை நுண்ணூசியால் மெல்ல இழுத்து விறைப்பாக்கினர். இருபுறமும் பற்றப்பட்டதாகவே கருதி உயிரணு பிரியத் தொடங்கிற்று. கயிறு விறைத்ததா என்பதையே காவலன் நோக்குகிறான் என்பது தெளிவாயிற்று.

மனிதரில் இக்காவற்பணியைச் செய்யும் மரபணுக்களுள் முதன்மையான ஒன்று, 15-ஆம் குரோமோசோமில் அமைந்துள்ள 'பப்-1-பி' ஆகும். 1,050 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை உருவாக்கும் கட்டளை அதில் எழுதப்பட்டுள்ளது. அப்புரதம் வேறு சில புரதங்களோடு கைகோத்து, கத்தரியை வெளியேவிடாது தடுக்கிறது. குரோமோசோம்களை இழைகள் உறுதியாகப் பற்றுவதற்கும் உதவுகிறது.

காவலன் சோர்ந்தால்

வளர்ச்சி குன்றி, தலை சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளுள் மிகச் சிலருக்கு ஓர் அரிய நோய் உண்டு. அவர்களின் குருதியை ஆராய்ந்தால், நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உயிரணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கும். ஓர் அணுவில் 45, பிறிதொன்றில் 47 என ஒன்றுக்கொன்று வேறுபட்டும் இருக்கும். இக்குழந்தைகளுள் பலருக்கு இளமையிலேயே சிறுநீரகத்திலோ தசையிலோ புற்றுக்கட்டி தோன்றுகிறது. சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது. 2004-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், இந்நோயுள்ள ஐந்து குடும்பங்களில் 'பப்-1-பி' மரபணு பழுதுற்றிருப்பதைக் கண்டுபிடித்தனர். குரோமோசோம் பங்கீட்டுப் பிழை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்பதற்கு மனிதரிடமிருந்தே வலிமையான சான்று கிடைத்தது. பொவேரியின் நூல் வெளிவந்து அப்போது 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்நோய்க்குக் காரணமான வேறு மரபணுக்களும் பின்னர் அறியப்பட்டுள்ளன.

அதே 2004-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், இப்புரதம் மிகக் குறைவாகச் சுரக்கும் எலிகளை வளர்த்தனர். அவ்வெலிகள் இளமையிலேயே முதுகு வளைந்து, கண்புரை விழுந்து, விரைவில் மடிந்தன. மாறாக, இப்புரதம் மிகுதியாய்ச் சுரந்த எலிகள் புற்றுநோய்க்கு எளிதில் இரையாகாது நெடுநாள் வாழ்ந்ததாக 2013-இல் அதே ஆய்வாளர் குழு அறிவித்தது. எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்தும் என்று உடனே கொள்வதற்கில்லை. இப்புரதத்தைக் கூட்டித் தரும் மருந்து எதுவும் கடைகளில் இல்லை; இருப்பதாக எவரேனும் கூறின் நம்ப வேண்டாம்.

குடும்பங்கள் அறிய வேண்டுவன

முதலாவது, மேற்சொன்ன குழந்தைநோய் மிகமிக அரிது. நாம் பரவலாகக் காணும் வாய்ப்புற்று, மார்புப்புற்று, கருப்பைவாய்ப் புற்று முதலியவற்றில் பங்கீட்டுப் பிழை காணப்பட்டாலும், 'பப்-1-பி' பழுதுறுவது அவற்றிற்கு வழக்கமான காரணமன்று. அப்பிழைகள் நோயாளியின் உடலில் ஏதோ ஓர் உயிரணுவில், வாழ்நாளின் இடையில் தோன்றியவை. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. பிறப்பிலேயே பெற்ற மரபணுப் பழுதால் வரும் புற்றுநோய் நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே என மருத்துவர் கணக்கிடுகின்றனர். 'அவர்கள் வீட்டில் புற்றுநோய் உண்டு' என்று கூறி ஒரு பெண்ணின் திருமணப் பேச்சை முறிப்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. ஆனால் நெருங்கிய உறவினர் பலருக்கு இளவயதிலேயே இந்நோய் வந்திருப்பின், அதனை மறைக்காது மருத்துவரிடம் கூறுவது அறிவுடைமை. முன்னரே கண்டறிந்தால் காப்பாற்றும் வாய்ப்பு மிகும்.

இரண்டாவது, 'பப்-1-பி' பழுதால் வரும் நோய் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்து சேர்ந்தால்தான் தோன்றுகிறது. பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். தம்மிடம் பழுதுண்டு என்பதையே அறியார். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குறையுள்ள குழந்தை பிறந்ததும், 'உன் வயிற்றுப் பிள்ளை' என்று தாயை மட்டும் தூற்றும் கொடுமை நம்மிடையே இன்னும் அற்றுப் போகவில்லை. இங்கே தாயின் பங்கு எவ்வளவோ அவ்வளவே தந்தையின் பங்கும். அவள் உண்ட உணவோ, பார்த்த காட்சியோ, செய்த பாவமோ காரணமன்று. இருவரில் எவர் மீதும் குற்றமில்லை என்பதே உண்மை.

மூன்றாவது, இத்தகைய இருபக்க நோய்கள் நெருங்கிய உறவில் மணம் புரிவோரிடையே கூடுதலாக வருகின்றன. மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாகப் பெற்றிருப்பர்; தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. இவ்வுறவுகளில் மணம் புரியத் திருச்சபைச் சட்டம் தனிவிலக்குக் கேட்பதை நம் வாசகர் அறிவர். சொத்து வெளியே போகக்கூடாது என்று கணக்கிடும் பெற்றோர், இந்தக் கணக்கையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. ஏற்கெனவே அவ்வாறு மணம் புரிந்தோர் அஞ்ச வேண்டுவதில்லை. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமுடையோரே. ஐயமிருப்பின் மரபியல் ஆலோசனை பெறலாம்.

நித்தியகல்யாணியின் உதவி

இக்காவலனைக் கொண்டே நோயை வெல்லும் வழியும் உண்டு. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் ஊதாவும் வெண்மையுமாய்ப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் எனும் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. முன்னதை 1958-இல் கானடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். இவை பங்கிடும் இழைகள் உருவாகாமல் தடுக்கின்றன. உடனே காவலன் 'நில்' என்கிறான். நெடுநேரம் நின்றுபோன புற்றணு மடிகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் ஏறத்தாழ மரணத் தீர்ப்பாகவே இருந்தது. பிற மருந்துகளுடன் வின்கிரிஸ்டினும் சேர்ந்த முழுச் சிகிச்சையை இன்று பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்தெழுகின்றனர்.

இதைப் படித்துவிட்டு அச்செடியின் இலையைக் கிள்ளிக் கஷாயம் வைக்க எவரும் முற்பட வேண்டாம். அது நச்சுத்தன்மை உடையது. மருந்தாகும்போதும் மிகச் சிறிய அளவில், இரத்தக் குழாயின் வழியே, மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அது செலுத்தப்படுகிறது. நரம்புகளிலும் அதே வகை இழைகள் இருப்பதால் கைகால் மரத்துப் போதலும் மலச்சிக்கலும் தோன்றக் கூடும். இவை கண்டு அஞ்சிச் சிகிச்சையை நடுவில் விட்டுவிடுவதே பெருந்தீங்கு. தொல்லைகளை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றி உதவுவார். குறித்த நாளில் குழந்தையை அழைத்துச் செல்வதும், கடைசி ஊசிவரை தவறாது போட்டு முடிப்பதும் பெற்றோரின் பொறுப்பு. பயணச் செலவுக்கு வழியின்றிச் சிகிச்சையைக் கைவிடும் குடும்பம் அண்டையில் இருந்தால், ஒரு முறை பேருந்துக் கட்டணம் கொடுத்து உதவுங்கள். நாமும் அக்குழந்தையின் மருத்துவத்தில் பங்கு பெற்றவர்களாவோம்.