ஆஷா பணியாளரின் அந்தஸ்து: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கொரோனாக் காலத்தில் கிராமங்களின் வாசற்படிதோறும் ஏறி இறங்கிய ஆஷா எனும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களை அரசாங்கம் தன் ஊழியர்களாக அங்கீகரித்து, சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தையும் சமூகப் பாதுகாப்பையும் அவர்களுக்கு வழங்க வேண்டும் என்பதே எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

2005-ஆம் ஆண்டில் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் அங்கமாகத் தோன்றிய ஆஷா திட்டத்தில், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்தந்த ஊர்ப் பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டு, கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு அழைத்துச் செல்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்வது முதலிய காரியங்களுக்கு, மாதச் சம்பளமின்றி ஊக்கத்தொகையின் பேரில் அமர்த்தப்பட்டனர். 2020-இல் நோய் பரவியபோது, அந்த நித்தியக் கடமைகளோடு கூடவே, வீடுவீடாகக் காய்ச்சல் கணக்கெடுப்பதும், வெளியூரிலிருந்து திரும்பியோரைக் கண்காணிப்பதும், பின்னர் தடுப்பூசிக்கு அஞ்சியோரை இணங்கச் செய்வதும் அவர்கள் தலையில் வந்து சேர்ந்தன. கணக்கெடுக்கச் சென்ற சிலர் தாக்கப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது. இவ்வளவுக்கும் மத்திய அரசு குறித்த கூடுதல் ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அவ்வாண்டு ஆகஸ்டில் பல மாநிலங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் வியப்பில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறோம். பணியில் தொற்றி இறப்போரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவிக்கப்பட்டது. ஆனால் மரணத்துக்குப்பின் வரும் தொகை, உயிரோடிருக்கும் மாதங்களில் அடுப்பெரிய உதவாது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருதளித்துக் கௌரவித்ததும் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கௌரவம் கூலிக்கு ஈடாகாது.

ஊதியம் நிர்ணயித்தால் சேவை மனப்பான்மை குன்றிவிடும் என்போர் உளர். சம்பளம் பெறும் மருத்துவரின் சேவையை எவரும் குறைவாக மதிப்பதில்லை. வீட்டில் பெண் செய்யும் பராமரிப்புக்குக் கூலியில்லை என்ற பழக்கமே, உலகச் சுகாதாரப் பணியாளருள் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்களாயிருந்தும், வீதிக்கு வந்த அதே பராமரிப்பையும் மலிவாகக் கருதச் செய்கிறது.

ஆகவே எமது சங்கம் வற்புறுத்துவன:

1. ஆஷா போன்ற அரசுத் திட்டப் பணியாளரைத் தொழிலாளராக அங்கீகரிக்குமாறு 2013-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு செய்த பரிந்துரையை நிறைவேற்றுதல்.

2. ஊக்கத்தொகைக்குப் பதிலாக நிலையான மாத ஊதியம், வருங்கால வைப்புநிதி, மகப்பேற்று விடுப்பு ஆகியவற்றை வழங்குதல்.

3. பாதுகாப்புச் சாதனங்களைப் பணி தொடங்குமுன் தருதல். தொற்றுற்றோருக்கு ஊதியத்துடன் விடுப்பளித்தல்.

4. மாவட்டச் சுகாதாரத் திட்டங்களை வகுக்கும் குழுக்களில் இவர்களின் பிரதிநிதிகளுக்கு இடமளித்தல்.

இவற்றைத் தயையாக நாம் யாசிக்கவில்லை. ஏற்கனவே பெற்றுக்கொண்ட உழைப்புக்குரிய கடனாகவே கேட்கிறோம். அடுத்த கொள்ளைநோய் வருமுன் அக்கடனைத் தீர்ப்பது அரசின் பொறுப்பு.