முதல் நூலின் மெதுநடை

நெடுந்தொடர்ப் புதினங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஓர் அறிவுரை தவறாமல் காதில் விழுகிறது: முதல் நூலை எப்படியாவது பொறுத்துக்கொண்டு படித்துவிடுங்கள், கதை பிறகுதான் சூடுபிடிக்கும் என்பார்கள். இவ்வறிவுரை எனக்கு உடன்பாடன்று. பொறுத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும் எனில், அந்நூலைத் தொடாமலேயே இருந்துவிடலாமே!

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் நூலான 'தி ஐ ஆஃப் த வேர்ல்ட்' இந்த அறிவுரைக்கு அடிக்கடி ஆளாவது. 1990இல் வெளிவந்தது. தொடர் 14 தொகுதிகளாக வளர்ந்தது; முன்கதை நூல் ஒன்றும் தனியே உண்டு. ஜோர்டன் 2007இல் மறைந்துவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் இறுதி மூன்று தொகுதிகளை எழுதி 2013இல் நிறைவு செய்தார். இத்தனை பெரிய மாளிகைக்கு முதல் நூல் வெறும் வாயிற்படிதான் என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

நூலின் தொடக்கம் மெதுவானது என்பதை நான் மறுக்கவில்லை. எமண்ட்ஸ் ஃபீல்ட் என்னும் சிற்றூர். குளிர்காலம் முடியவே மாட்டேன் என்கிறது. வசந்த விழாவுக்காக ரேண்ட் என்ற இளைஞனும் அவன் தந்தை டாமும் வண்டியில் மதுப்பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வருகிறார்கள். அங்காடி வணிகன் வெளியூர்ச் செய்திகளுடன் வந்து சேர்கிறான். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை கூறிக்கொள்கின்றனர். இப்படியே பக்கங்கள் நகர்கின்றன. ஐந்தாம் அத்தியாயத்தில்தான் அரக்கப் படை அவர்களின் பண்ணைவீட்டுக் கதவை உடைக்கிறது.

அதன்பின் வருவதுதான் என் வாதத்திற்கு அடிப்படை. காயமுற்றுக் காய்ச்சலில் பிதற்றும் தந்தையை ஒரு தூக்குப்படுக்கையில் கிடத்தி, இருட்டுக் காட்டினூடே ஊர்வரை இழுத்துச் செல்கிறான் மகன். மலைச்சரிவில், போர்க்களத்தில், பனியில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்ததாகத் தந்தையின் வாய் உளறுகிறது. அந்தக் குழந்தை யார் என்பதை அவன் எண்ண மறுக்கிறான். இவர் என் தந்தை என்பதையே மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இழுக்கிறான். பீப்பாய் இறக்கிய அந்தப் பகல்பொழுது இல்லாமற் போயிருந்தால் இந்த இரவு நம்மை என்ன செய்திருக்கும்? அவன் இழக்கப்போவது எது என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் நெஞ்சு கனக்கிறது.

2021இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இவ்வூரை ஒரே பகுதியில் கடந்துவிட்டது. பெர்ரின் என்ற இளைஞனுக்கு நூலில் இல்லாத ஒரு மனைவியைப் படைத்து, தாக்குதலின்போது அவன் கையாலேயே தவறுதலாக அவளைக் கொல்லவும் வைத்தது. அவசரமாகத் துயரம் வேண்டுமென்றால் இப்படித்தான் செய்யவேண்டும் போலும்! மூன்று பருவங்களுக்குப் பின் 2025இல் அத்தொடர் நிறுத்தப்பட்டதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். நான் அதற்குள் போகவில்லை.

டோல்கீனின் நகல் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அமைதியான ஊர், கறுப்பு உடைக் குதிரைவீரன், நள்ளிரவில் ஊரைவிட்டு ஓட்டம் எனச் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது. பழக்கப்பட்ட பாதையில் வாசகனை அழைத்துச் செல்ல ஜோர்டன் தெரிந்தே செய்தது அது. ஆனால் டோல்கீனிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. இவ்வுலகில் மந்திர ஆற்றலின் ஆண்பாதி நஞ்சேறியது; அதைக் கையாளும் ஆடவர் பித்தராவர். எனவே ஆற்றலும் அதைச் சூழ்ந்த அரசியலும் பெண்களிடம் இருக்கின்றன. வழிகாட்டியாக வரும் மொய்ரேனை நம்புவதா அஞ்சுவதா என்று ஊர் இளைஞர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் கடைசிவரை தெளிவாவதில்லை. யுகங்கள் சுழன்று மீண்டும் வரும் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. ஆகவே அந்தச் சக்கரம் தமிழ் வாசகரை அதிகம் மிரட்டாது.

குறையும் சொல்லவேண்டும். முடிவு சொதப்பல். நூலின் பெயருக்குரிய அந்தக் 'கண்' இருக்குமிடத்தை அடைந்ததும் எல்லாம் தலைதெறிக்க ஓடுகிறது. ரேண்ட் எப்படி வென்றான் என்பதை அறிய நான் இரண்டு அத்தியாயங்களைத் திரும்பப் படித்தேன், அப்போதும் முழுதாய் விளங்கவில்லை. ஊரில் அத்தனை நிதானம் காட்டியவர் இங்கே ஏன் இப்படி விரைந்தாரோ!

இரண்டாம் நூலான 'தி கிரேட் ஹண்ட்' அதே 1990இல் வெளிவந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.