வாசல்வரை வரும் சட்டம்

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தனியார் பேருந்து ஒன்றில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் லிட்டில் இந்தியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏறத்தாழ 300 பேர் திரண்டார்கள். கல், பாட்டில் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது. 23 வாகனங்கள் சேதமாயின, அவற்றில் 5 எரிந்தன. காவல்துறையினரும் மீட்புப் படையினருமாக 54 பேர் காயமடைந்தார்கள்.

அந்த இரவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தொழிலாளர் வாழ்வு பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் போதுமான அளவுக்கு நாம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அன்றிரவு ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. கூட்டத்தில் எவர் கையிலும் துப்பாக்கி இல்லை. காவலர்களிடம் இருந்தது, அவர்கள் சுடவில்லை. எதிரே நிற்பவன் சட்டைக்குள் துப்பாக்கி வைத்திருப்பானோ என்ற பயம் இல்லாத ஊரில்தான் காவலருக்கு அந்தப் பொறுமை சாத்தியம். சந்தர் சாலை, பஃப்ளோ சாலை அடுக்குமாடி வீடுகள் அங்கிருந்து கூப்பிடு தூரம். அன்று அந்த வீடுகளில் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த யாரும், தப்பிவந்த தோட்டா சன்னல் வழியாக உள்ளே பாயும் என்று நடுங்க வேண்டியிருக்கவில்லை.

அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரிய, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்குப் போக வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று அங்கே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. பக்கத்தில் பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. ஜனவரி 3ஆம் தேதி சிறுவன் இறந்துபோனான். கள்ளத் துப்பாக்கி அல்ல, ரவுடி அல்ல. அரசின் துப்பாக்கி, அரசின் பயிற்சித் தளம், எல்லாம் விதிப்படி நடந்ததாகவே இருந்திருக்கும். முதலமைச்சர் அறிவித்த 10 லட்ச ரூபாய் நிவாரணத்தை அந்தத் தாய் தகப்பன் என்ன மனநிலையில் வாங்கியிருப்பார்கள்?

சிங்கப்பூரின் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது. 1973இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. குற்றம் புரிய அதைச் சுட்டால் மரண தண்டனை. யார் மீதும் படவில்லை என்பது சாக்காகாது. துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரைக்கூட இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஊரிலிருந்து வரும் உறவினர் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பெட்டியில் போட்டுவந்து, விமான நிலையத்தில் விழிப்பதும் நடக்கிறது.

தூக்குக் கயிறுதான் இந்த நிம்மதியைத் தந்தது என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஜப்பானில் துப்பாக்கியால் சுட்டதற்காக மட்டும் யாரையும் தூக்கில் போடுவதில்லை, அங்கும் துப்பாக்கிச் சாவு மிக அரிது. இங்கே வேலை செய்வது வேறொன்று. துப்பாக்கி எந்த வீட்டுக்குள்ளும் வருவதில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் துப்பாக்கி அறியாத நாடு அல்ல இது. தேசிய சேவைக்குப் போன ஒவ்வொரு பையனும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டி, துடைத்து, சுட்டுப் பழகியவன். சுடும் பயிற்சி முடிந்தால் மிச்சத் தோட்டாக்களோடு காலி உறைகளையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வார இறுதியில் அவன் வீட்டுக்குக் கொண்டுவருவது துவைக்க வேண்டிய சீருடையும் சேறு படிந்த பூட்சும்தான். துப்பாக்கி முகாமிலேயே தங்கிவிடுகிறது. 2007 செப்டம்பரில் மண்டாய் ஹில் முகாமிலிருந்து ஓர் இளைஞர் துப்பாக்கியையும் 8 தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறியபோது நாடே பதறியது. ஒரு நாளுக்குள் ஆர்ச்சர்ட் வட்டாரத்தில் அவரைப் பிடித்துவிட்டார்கள். ஒரே ஒரு துப்பாக்கி வெளியே வந்ததற்கு அத்தனை பதற்றம் என்றால், அந்தப் பதற்றத்தை நாம் இழந்துவிடக் கூடாது.

மற்ற நாடுகளில் நடப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் 2020இலிருந்து துப்பாக்கிதான், வாகன விபத்து பின்னுக்குப் போய்விட்டது. அங்கே பல மாநிலங்கள் இப்போது “துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள்” என்று சட்டம் போடுகின்றன. நல்லதுதான். ஆனால் பூட்டு எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு பெல்கிரேட் சாட்சி. 2023 மே 3 அன்று அங்கே 13 வயதுப் பையன் ஒருவன் தன் பள்ளிக்குள் நுழைந்து சக மாணவர்களையும் காவலாளியையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தவை தகப்பனின் துப்பாக்கிகள். உரிமம் இருந்தது. இரும்புப் பெட்டகத்தில் ரகசிய எண் போட்டுப் பூட்டித்தான் வைத்திருந்தார். எண் பையனுக்குத் தெரிந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்த தீபாவளிப் பலகாரத்தைக் கண்டுபிடிக்காத பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறோமா? வீட்டில் இருக்கும் எதையும் பிள்ளைகள் ஒரு நாள் எடுத்துவிடுவார்கள். ஆகவே துப்பாக்கியைப் பொறுத்தவரை, பத்திரமாக வைக்கச் சொல்லும் சட்டத்தைவிட வீட்டுக்கே வரவிடாத சட்டம் மேல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜப்பானின் முன்னாள் பிரதமர் அபேயை 2022 ஜூலையில் நாரா நகரில் கொன்றது கடையில் வாங்கிய துப்பாக்கி அல்ல, குழாயை வைத்து வீட்டில் செய்தது. முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்யும் காலம் இது என்பதால்தான், 2021 ஜனவரியில் இங்கே நிறைவேறிய புதிய சட்டம் துப்பாக்கியின் மின்னிலக்க வரைபடத்தை உரிமமின்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. சட்டம் கணினிக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. பிள்ளையின் மனதுக்குள் எட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை.

2021 ஜூலை 19 அதைக் காட்டியது. ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் காலை நேரத்தில் 16 வயது மாணவன், முன்பின் அறியாத 13 வயது மாணவனைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். கோடரி இணையத்தில் வாங்கியது. கொன்றவன் 2019இலேயே தற்கொலைக்கு முயன்று, மனநலக் கழகத்தில் பரிசோதிக்கப்பட்டவன். 2023 டிசம்பரில் அவனுக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டபோது, கடும் மனச்சோர்வு அவனைப் பீடித்திருந்ததை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவன் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் செத்திருப்பார்கள் என்று நினைக்கவே குலை நடுங்குகிறது. அந்த அளவுக்குச் சட்டம் காப்பாற்றியது, அதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் போனது ஒரு வீட்டின் பிள்ளை. அந்தத் தாயிடம் போய் “ஒன்றோடு போயிற்றே” என்று யார் சொல்ல முடியும்?

கோடரிக்குத் தடை போடலாமா? கத்திக்கு, கயிற்றுக்கு, பத்தாம் மாடிச் சன்னலுக்கு? கம்பி போடாத சன்னலும் இந்த நாட்டில் குழந்தைகளைப் பலிவாங்கியிருக்கிறது. இணைய வணிகத் தளங்கள், கோடரி வாங்குபவரின் வயதை விசாரிக்க வேண்டும் என்று கேட்பது நியாயம், நாமும் கேட்கிறோம். வாசலில் வந்து விழும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பெற்றோரின் வேலை. அது வேவு பார்ப்பதாகாது.

ரிவர் வேலி சம்பவத்துக்குப் பிறகு கல்வி அமைச்சு, 700க்கு மேல் இருந்த ஆசிரியர்-ஆலோசகர்களை 1,000க்கு மேல் உயர்த்தப்போவதாக அறிவித்தது. சரியான முடிவு. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. பிள்ளை சாப்பிடாமல் அறைக்குள் அடைந்து கிடந்தால் “போனைப் பிடுங்கு, சரியாகிவிடும்” என்கிறோம். பள்ளியிலிருந்து ஆலோசகர் கூப்பிட்டால் “மனநல ஆஸ்பத்திரியா? வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?” என்கிறோம். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், பிள்ளைக்கு மூன்று டியூஷன் வைப்பவர்கள் வாயிலிருந்தே இது வருகிறது. இது நமக்குக் கோபமூட்டுகிறது.

இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கணக்குக்கும் அறிவியலுக்கும் வகுப்பு நடத்துகிறது. அதே அக்கறையோடு, வளர்ந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எப்போது உதவி தேடுவது என்று பெற்றோருக்குத் தமிழில் சொல்லித் தரும் கூட்டங்கள் இன்னும் நிறைய வேண்டும். தேக்காவைச் சுற்றியுள்ள கோயில்களில் மண்டபங்கள் இருக்கின்றன, சமூக மன்றங்கள் இருக்கின்றன. இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறைக்கு முன்பே தொடங்கலாம். அதுவரை, வீட்டில் ஒரு பிள்ளையைப் பற்றி மனதில் உறுத்தல் இருக்கும் வாசகர்கள் தள்ளிப்போட வேண்டாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. இரண்டும் இரவிலும் எடுக்கப்படும்.