விலை ஒப்பீட்டுத் தளம் யாருக்குத் தரகர்?

பள்ளி விடுமுறை நெருங்கியதும் பெற்றோர் பலர் தங்கும் விடுதிக்கு விலை ஒப்பீட்டுத் தளங்களை நாடுகின்றனர். நம்மிடம் ஒரு காசும் கேட்காத இத்தளங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

விற்பவரிடமிருந்துதான். நாம் சொடுக்கி விற்பவரின் தளத்துக்குச் சென்றாலே போதும். வாங்காவிட்டாலும் சொடுக்குக்கு இவ்வளவு எனக் கட்டணம் சேரும். சில தளங்கள் விற்பனை முடிந்தபின் தரகு பெறுகின்றன. தரகர் தரகு வாங்குவதில் குற்றமில்லை. கூடுதலாகக் கொடுப்பவர் பட்டியலின் உச்சிக்கு ஏறுவதே சிக்கல்.

ஆஸ்திரேலியாவில் நடந்த டிரிவாகோ வழக்கைப் பாருங்கள். மலிவான அறையை எளிதில் கண்டறியலாம் எனத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்த தளம் அது. ஆனால், முதலிடத்தைத் தீர்மானித்ததில் சொடுக்குக் கட்டணத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. 66.8 விழுக்காட்டுப் பட்டியல்களில், குறைந்த விலை இருந்தும் கூடிய விலையே முதலிடம் பெற்றது. கோடிட்டு அடித்துக் காட்டிய விலையோ, சில வேளைகளில் அதே விடுதியின் சொகுசு அறைக்குரியது! சாதாரண அறையைச் சொகுசு அறையோடு ஒப்பிட்டுவிட்டு 'மிச்சம்' என்றால் என்ன நியாயம்? நுகர்வோர் தவறாக வழிநடத்தப்பட்டதாக 2020இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2022இல் 44.7 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி தண்டம் விதித்தது.

கணிதப் பாடத்தில் கழிவு விழுக்காட்டைக் கணக்கிடக் கற்பிக்கிறோம். எந்த விலையிலிருந்து கழித்தார்கள் எனக் கேட்கக் கற்பிக்கிறோமா? இதற்கு ஒரு பாடவேளை போதும். ஒரே விடுதியை ஒப்பீட்டுத் தளத்திலும் விடுதியின் சொந்தத் தளத்திலும் மாணவர் தேடட்டும். அறை வகையையும் வரி சேர்ந்த இறுதித் தொகையையும் அருகருகே எழுதட்டும். வீட்டில் பெற்றோரும் உடன் அமரலாம்.