தமிழ் வகுப்பில்லாப் பள்ளி தமிழ்ப் பிள்ளைக்கு எற்றுக்கு?

பிள்ளைக்குப் பெயரிடுங்கால் தூய தமிழ்ப்பெயர் தேடுகின்றோம். திருமண அழைப்பைத் தமிழில் அச்சிடுகின்றோம். மேடைதோறும் தமிழ் வாழ்கவென முழங்குகின்றோம். ஆனால் அதே பிள்ளை பன்னிரண்டு அகவை எய்தி, எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்னும் வினா வீட்டில் எழும்பொழுது, தமிழை எண்ணிப் பார்த்து விடை காண்பவர் நம்முள் எத்துணைப் பேர்? இவ்வினாவைச் சிங்கைவாழ் தமிழ்ப் பெற்றோரை நோக்கி எழுப்புவதே இக்கட்டுரை. பிறநாட்டுத் தமிழர்க்கும் இதில் படிப்பினை உண்டு. ஏனெனில் தமிழுக்குச் சட்டத்தில் இடமிருந்தும் வாழ்வில் இடம் சுருங்குவது எவ்வாறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சிங்கையின் அரசியலமைப்பு மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாக ஏற்றுள்ளது. தமிழகத்திற்கு வெளியே தமிழ் பெற்றுள்ள பெருமைகளுள் இது தலையாயது. அங்குத் தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டின் முடிவில் பிள்ளைகள் எழுதும் இறுதித் தேர்விலும் தமிழ் ஒதுக்கப்படவில்லை. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி என்னும் நான்கு பாடங்களும் அதில் ஒரே நிறையுடையன. ஒவ்வொரு பாடத்திற்கும் ஒன்று முதல் எட்டு வரை அடைவுநிலை தரப்படும். நான்கையும் கூட்டினால் 4 என்பது மிகச் சிறந்தது, 32 என்பது கடைநிலை. ஆக, தமிழ் அங்கே நாலில் ஒரு பங்கு. அதனாற்றான் ஆறாம் ஆண்டு வரை தமிழுக்கெனத் தனிப்பயிற்சி வைத்துப் பணம் செலவிடுகின்றனர் பெற்றோர்.

தேர்வு முடிவு நவம்பர்த் திங்களின் பிற்பகுதியில் வெளிவருகின்றது. அதன்பின் சில நாள்களுக்குள் ஆறு பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதித் தரல் வேண்டும். அந்நாள்களில் நம் வீடுகளில் நடக்கும் ஆய்வினைக் கேளுங்கள். சென்ற ஆண்டு அப்பள்ளியின் இறுதி மதிப்பெண் என்ன? பெயர்பெற்ற பள்ளியா? விளையாட்டரங்கு உண்டா? தொடர்வண்டி நிலையத்திற்கு அருகிலா? அத்தை மகன் படித்த பள்ளியா? எல்லாம் கேட்கப்படுகின்றன. 'அப்பள்ளியில் தமிழ் கற்பிக்கின்றனரா?' என்னும் ஒரு வினா மட்டும் எழுவதில்லை. எழுந்தாலும் இறுதியில் எழுகின்றது. நேற்றுவரை மதிப்பெண் ஈட்டித் தந்த தமிழ், தேர்வு முடிந்த மறுநாளே வேண்டாப் பொருளாகி விடுகின்றது. இது நன்றி கொன்ற செயலன்றோ?

அவ்வினா ஏன் தலையாயது? சிங்கையின் எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இல்லை. தமிழ் வகுப்பில்லாப் பள்ளியில் சேரும் தமிழ்ப் பிள்ளை, பள்ளி முடிந்தபின் வேறோர் இடத்திற்குச் சென்று தமிழ் பயிலல் வேண்டும். பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அத்தகைய பிள்ளைகளுக்கென இயங்குகின்றது. அங்குப் பணிபுரியும் தமிழாசிரியர் அரும்பணி ஆற்றுகின்றனர். அவர்களைக் குறைகூறுதல் அடாது. அந்நிலையம் இல்லையெனில் அப்பிள்ளைகளுக்குத் தமிழே இல்லை. நாம் கேட்பது வேறு. தன் பள்ளிக்குள்ளேயே தமிழ் கற்கும் வாய்ப்பை, கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய வாய்ப்பை, பெற்றோரே தட்டிப் பறித்துப் பிள்ளையை வெளியே அனுப்புவது ஏன்?

அப்பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். உடன்பயிலும் சீனப் பிள்ளை தன் தாய்மொழியைக் காலையில், தன் வகுப்பறையில், தன் தோழரோடு அமர்ந்து கற்கின்றது. தமிழ்ப் பிள்ளை பள்ளி முடிந்து, பசியோடும் பையோடும் பேருந்தேறி, களைத்த மூளையோடு தமிழைக் கற்கச் செல்கின்றது. அன்றைக்கே பந்தாட்டப் பயிற்சி இருந்தால் ஒன்றை விடல் வேண்டும். பன்னிரண்டு அகவைப் பிள்ளை எதை விட நினைக்கும்? தமிழ் தனக்குத் துணையென்று அது எங்ஙனம் கருதும்? தன் விளையாட்டைக் கெடுக்க வந்த சுமையென்றே கருதும். பிற பாடங்கள் பள்ளிக்கு உள்ளே, தமிழ் பள்ளிக்கு வெளியே என்னும் பாடத்தை எந்த ஆசிரியரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கால்கள் அதனைக் கற்றுக் கொள்கின்றன. பின்னாளில் அப்பிள்ளை தமிழில் பேச நாணினால், அந்நாணத்தை விதைத்தவர் யார்?

இனி வரலாற்றைக் காண்போம். அதே உமறுப் புலவரின் பெயரால் சிங்கையில் ஒரு தமிழ்ப் பள்ளியே இருந்தது. கடையநல்லூரிலிருந்து சென்று குடியேறிய இசுலாமியத் தமிழர்கள் 1946ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். சீறாப்புராணம் பாடிய எட்டயபுரத்துப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். கடலுழைப்பிலும் தெருவுழைப்பிலும் ஈட்டிய காசில் எழுந்த பள்ளி அது. 1960ஆம் ஆண்டில் அங்கு உயர்நிலை வகுப்புகளும் தொடங்கின. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு சிங்கையில் முதன்முதல் நடந்ததும் அவ்வாண்டில்தான்; அத்தேர்வு அன்று நான்கு மொழிகளிலும் நடந்தது. தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே தேர்வெழுதித் தமிழ் உயர்நிலைப் பள்ளியிலே சேர்ந்து படிக்கும் நிலை அன்று இருந்தது.

அப்பள்ளி இன்றில்லை. 1982ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. எதனால்? படையெடுத்து வந்து எவரும் அதனை இடிக்கவில்லை. தமிழ் கற்கக் கூடாதென எவரும் ஆணையிடவில்லை. பிள்ளைகளின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்தது, வகுப்பறைகள் வெறுமையாயின, பள்ளி மூடப்பட்டது. ஆங்கிலமே வேலைக்கு வழியென்னும் நிலையை ஆட்சியும் வணிகமும் உண்டாக்கியமை மெய். ஆயினும் ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் 'என் ஒரு பிள்ளை வேறு பள்ளிக்குச் சென்றால் தமிழ் அழிந்தா போகும்?' என்று எண்ணியதும் மெய். ஒருவர் எண்ணினால் அழியாது. எல்லாரும் எண்ணியதால் அழிந்தது. சிங்கையின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி, நாம் எழுதித் தந்த விருப்ப வரிசைகளில் நம் கையாலேயே அடிக்கப்பட்டுப் போயிற்று.

அதே காலத்தில் சீனர் என் செய்தனர் என்பதையும் நோக்குக. அவர்தம் சீனவழிப் பள்ளிகளும் ஆங்கிலத்தின் முன் தேய்ந்தே வந்தன. ஆனால் 1979ஆம் ஆண்டில் சிறப்பு உதவித் திட்டம் என ஒன்று வகுக்கப்பட்டு, ஒன்பது சீனப் பள்ளிகள் அதன்கீழ்ப் பேணப்பட்டன. ஆங்கிலத்தோடு சீனத்தையும் உயர்ந்த நிலையில் கற்பிக்கும் அப்பள்ளிகளுக்கு இன்றும் போட்டி மிகுதி. சீனரின் தொகை பெரிது, செல்வம் பெரிது என்பீர், உண்மையே. ஆயினும் தம் மொழிப்பள்ளியைப் பின்தங்கியோர் பள்ளியாக்காமல், முதன்மதிப்பெண் பெற்ற பிள்ளைகளையும் அங்கு அனுப்பிய பெற்றோர் உள்ளத்தை எந்தத் தொகையாலும் செல்வத்தாலும் அளக்க இயலாது. அவர்மேல் அழுக்காறு கொள்ளல் வேண்டா. அவரைக் கண்டு கற்றுக் கொள்ளல் வேண்டும்.

'எங்களுக்கும் தமிழ்ப் பற்று உண்டு. ஆனால் பிள்ளையின் வருங்காலம் பெரிதன்றோ?' என்பர் சிலர். அவர்க்கு விடை கூறுவோம். 2021ஆம் ஆண்டுக்கு முன்னர் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தியது. அவ்வாண்டு முதல் அடைவுநிலை முறை வந்துவிட்டது. 90க்கு மேல் பெற்றோர் அனைவரும் ஒரே நிலையினர். ஆகவே ஒரே கூட்டுத்தொகையோடு பல பிள்ளைகள் நிற்கின்றனர். பல பள்ளிகளின் இறுதி மதிப்பெண்களும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. 2024ஆம் ஆண்டு முதல் பழைய மூவகைப் பிரிவினையும் உயர்நிலை முதலாம் ஆண்டிலிருந்து நீக்கப்பட்டு, பாடந்தோறும் பிள்ளையின் திறனுக்கேற்ற நிலையில் பயிலும் முறை வந்துள்ளது. ஆறாண்டுத் தொடர்கல்வி நடத்தும் சில பள்ளிகள் நீங்கலாக, எப்பள்ளியில் பயின்றாலும் எழுதப்போவது ஒரே பொதுத்தேர்வு. இந்நிலையில், இரண்டு பள்ளிகளின் இறுதி மதிப்பெண்ணில் உள்ள ஒன்றோ இரண்டோ வேறுபாட்டிற்காக நான்காண்டுத் தமிழை விலையாகக் கொடுப்பது எவ்வகை வணிகம்? பள்ளியின் பெயர்ப்பலகை பிள்ளைக்கு அறிவூட்டுவதில்லை.

'வீட்டில் தமிழ் பேசுகின்றோமே, அது போதாதா?' என்பர் வேறு சிலர். மெய்யாகப் பேசுகின்றீரா? சிங்கை இந்தியருள் வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 41.6 விழுக்காடு, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 59.2 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. இத்தொகையில் பிறமொழி இந்தியரும் அடங்குவர். ஆயினும் நம் வீட்டுக் கூடங்களில் ஒலிப்பது எம்மொழி என்பதை நாமே அறிவோம். வீடு கைவிட்ட மொழிக்குப் பள்ளியே இறுதி அரண். அவ்வரணையும் நாமே திறந்துவிட்டால், பின்னர் எதனைக் காக்க மாநாடு கூட்டுவது?

ஆகவே தமிழ்ப் பெற்றோர் செய்யத்தக்கன சில கூறுவோம். பள்ளிகளின் பட்டியலை எடுத்தவுடன், தமிழ் வகுப்பு எந்தெந்தப் பள்ளிகளில் உள்ளதென முதலில் பாருங்கள். கல்வி அமைச்சு வெளியிடும் பள்ளிக் குறிப்புகளிலேயே அது காணப்படும். ஐயமிருப்பின் பள்ளிக்கே சென்று கேளுங்கள். உயர்தமிழும் கற்பிக்கப்படுகின்றதா எனக் கேளுங்கள். அதன் பின்னரே தொலைவையும் மதிப்பெண்ணையும் நோக்குங்கள். ஆறு இடங்களுள் முதலிடங்களில் தமிழுள்ள பள்ளிகளையே எழுதுங்கள். ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவரைத் தெரிவு செய்ய நேர்ந்தால், குடியுரிமைக்கு அடுத்தபடி விருப்ப வரிசையே கருதப்படுகின்றது. ஆதலின் வரிசையில் எதனை முன் வைக்கின்றோம் என்பது வெற்றுச் சடங்கன்று.

பிள்ளையின் கூட்டுத்தொகை மிகுந்துவிட்டதே, எளிய நிலைப் பாடங்களே கிடைக்குமே என்று தளரவும் வேண்டா. தமிழில் நல்ல அடைவுநிலை பெற்ற பிள்ளை, பிற பாடங்களில் பின்தங்கியிருப்பினும், தமிழை மட்டும் உயர்ந்த நிலையில் கற்க இன்றைய முறை இடந்தருகின்றது. கணக்கில் தடுமாறும் பிள்ளை தமிழில் தலைநிமிர்ந்து நிற்கட்டும். அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெறுவது பெற்றோர் கடன்.

இறுதியாக ஒன்று. தனித்தனியே முடிவெடுத்துச் சிதறாதீர்கள். ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு நிலைப்பது, அங்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளின் தொகையைப் பெரிதும் பொறுத்தது. ஒரே குடியிருப்பில் வாழும் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினால் பத்திலும் தமிழ் மெலியும். கூடிப் பேசி இரண்டு மூன்று பள்ளிகளைத் தெரிந்தெடுத்தால் அவற்றில் தமிழ் தழைக்கும். தமிழவேள் கோ. சாரங்கபாணியார் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி எளிய மக்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டினார்; 'தமிழ் எங்கள் உயிர்' என்பது அந்நிதியின் பெயர். கூலியுழைப்பாளர் அன்று தம் வயிற்றைச் சுருக்கித் தமிழுக்குக் காசு தந்தனர். அவர்தம் பெயரர்களாகிய உங்களை இன்று எவரும் காசு கேட்கவில்லை. ஒரு தாளில் ஆறு பள்ளிகளின் பெயரை எழுதும்போது தமிழை நினையுங்கள் என்றே கேட்கின்றோம். அதுகூட இயலாதெனில், தமிழ் எங்கள் உயிர் என்று இனி எந்த மேடையிலும் கூறாதீர்கள்.