ரிமோட்டில் பழுதில்லை, கம்பியில்தான்



நமது மாணவர்கள் பெற்றோல் எஞ்சின் பூட்டிய மாதிரி விமானம் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கடற்கரை மணலில் வைத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும், ரிமோட்டை யாரும் தொடாமலே வால் பக்கம் நடுங்கியது. எஞ்சினை நிறுத்தினால் நடுக்கமும் நின்றது. "ரிமோட் பழுது, புதுசு வாங்குவோம்" என்றார்கள் சிலர். "இந்த விளையாட்டே வேண்டாம்" என்றார் ஒரு வாப்பா. இரண்டும் சரியில்லை என்பதுதான் நமது கருத்து.

நோன்பு துறக்கும் நேரம் ரேடியோவில் முஸ்லிம் சேவையின் பாங்குக்குக் காத்திருந்த காலம் ஞாபகமா? தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனால் ரேடியோ 'கர்ர்ர்' என்று இரையும். காரணம் ஸ்பார்க் பிளக்கின் பொறி. 1880களில் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியது மின்பொறியால்தான். 1912இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டதும் பொறியால் இயங்கிய கருவியில்தான். ஆக, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் நாம் கேட்காமலே ஒலிபரப்பும் ஒரு குட்டி வானொலி நிலையம்.

விமானத்தில் காபரேட்டரின் த்ரொட்டிலை ஒரு சின்ன சேர்வோ மோட்டார் இழுக்கிறது. இரண்டையும் இரும்புக் கம்பியால் இணைத்தால், பொறியின் இரைச்சல் அந்தக் கம்பி வழியே சேர்வோவுக்கும், அங்கிருந்து ரிசீவருக்கும் போகும். எஞ்சின் அதிர்வில் இரும்போடு இரும்பு உரசுவதும் தன் பங்குக்கு இரைச்சலைக் கிளப்பும். இப்போதைய 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகள் பழையவற்றைவிட நன்றாகத் தாங்கும். அதற்காகக் கவலையில்லாமல் இருந்துவிட முடியாது.

வைத்தியம் சுலபம். கம்பிக்குப் பதில் நைலோன் தண்டு, நைலோன் இணைப்பு போடுங்கள். பொறி தரும் இக்னிஷன் பெட்டியை ரிசீவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு பற்றரி கொடுங்கள். பிளக் வயரைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, ரிமோட்டை 'ரேன்ஜ் டெஸ்ட்' நிலையில் வைத்துத் தூரம் நடந்து பாருங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி, அடுத்து ஓடவிட்டு. சிக்னல் அறுந்தால் த்ரொட்டில் தானாக மூடவும் வேண்டும்.

நமது கடற்கரை வெறும் மணல் அல்ல. வலை இழுப்போர், பந்து விளையாடும் பிள்ளைகள், அஸருக்குப் பின் உம்மாமாரோடு வரும் குழந்தைகள் எல்லோரும் அங்கேதான். கட்டுப்பாடு இழந்த விமானத்தின் சுழலும் காற்றாடிக்கு யார் எவர் என்று தெரியாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். "நைலோன் போட்டாயா? எஞ்சின் ஓட டெஸ்ட் பண்ணினாயா? சிவில் விமான அதிகார சபையின் விதிகளைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வரும்வரை விமானம் தரையிலேயே இருக்கட்டும். நாமும் கம்பியைக் கழற்றிவிட்டோம். டெஸ்ட் முடிந்த பிறகுதான், இன்ஷா அல்லாஹ், பறக்கவிடுவோம்.