தேரை ஒரே மூச்சுல இழுக்க முடியுமா?

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? இல்லைன்னா ராஜபாளையத்துல பஸ் ஏறுங்க. அரை மணி நேரத்துல ஆண்டாள் தேர் முன்னாடி நிக்கலாம். அவ்ளோ பெரிய தேரை நாலு ரத வீதியும் யாரும் ஒரே மூச்சுல இழுக்கறதில்லை. வடம் பிடிச்சு கொஞ்ச தூரம் இழுப்பாங்க. சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவாங்க. தேர் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து, கட்டையை மாத்திப் போட்டுத் திருப்புவாங்க. அப்புறம் மறுபடியும் 'கோவிந்தா'!

கிட்டத்தட்ட இதே சங்கதிக்கு சாஃப்ட்வேர்காரங்க வெச்ச பேர், 'அஜைல்'.

சிலபஸ்ல 'வாட்டர்ஃபால்' படிச்சிருப்பீங்க. தேவையை முழுசா எழுதி, டிசைன் போட்டு, கோட் அடிச்சு, கடைசியா டெஸ்ட் பண்றது. தப்பு எங்கேன்னு கடைசியிலதான் தெரியும். 2001 பிப்ரவரியில அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல 17 பேர் கூடி, இதுக்கு மாற்றா அஜைல் அறிக்கையை எழுதினாங்க. சின்னச் சின்னத் துண்டா செஞ்சு, பயன்படுத்தப் போறவர்கிட்டயே காட்டி, திருத்திக்கிட்டே போறதுதான் மேட்டர்.

'சின்ன டீமுக்கு ஓகே பாஸ், மலை மாதிரி பழைய நிறுவனத்துக்கு?'ன்னு கேக்கறீங்களா? எஃப்.பி.ஐ. கதையைக் கேளுங்க. கேஸ் ஃபைல்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்த செஞ்ச ஒரு சாஃப்ட்வேரை, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு, 2005-ல தூக்கிப் போட்டாங்க. 2006-ல ஆரம்பிச்ச 'சென்டினல்' திட்டமும் இழுத்துக்கிட்டே போச்சு. 2010-ல வேலையைத் தன் கைக்கே எடுத்து, ஆளைக் குறைச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தவணைன்னு அஜைலுக்கு மாறினாங்க. 2012 ஜூலையில சென்டினல் புழக்கத்துக்கு வந்துருச்சு. நம்ம டி.சி.எஸ்.கூட 2020-க்குள்ள மொத்த நிறுவனமும் அஜைல் ஆகணும்னு இலக்கு வெச்சுத்தான் மாறினது.

அப்புறம் ஏன் பல இடத்துல இது எடுபடலை? பெரிய கம்பெனி ஒண்ணுல வேலை பார்க்கற எங்க சீனியர் அண்ணன், தேருக்கு லீவுல வந்திருந்தார். "உங்க கம்பெனியும் அஜைல்தானேண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"தினமும் காலையில பதினஞ்சு நிமிஷம் நின்னுக்கிட்டே மீட்டிங் போடறோம்டா தம்பி. ஆனா, 'இது ஓடலை சார்'னு சொல்ல எவனுக்கும் வாய் வராது. முடிக்கிற தேதியை மேல இருக்கறவங்க போன வருஷமே முடிவு பண்ணிட்டாங்க. நாங்க ரிப்போர்ட்ல பச்சை கலர் அடிச்சு அனுப்பிடுவோம்!"

நாமளும் சிரிக்கலாம். ஆனா, ப்ராஜெக்ட் ரிவ்யூவுல நாம என்ன பண்றோம்? "எவ்வளவு முடிஞ்சது?"ன்னு கேட்டா, "90 பர்சன்ட் சார்!" அடுத்த மாசமும் அதே 90. நிஜத்துல ஓடறது லாகின் பேஜ் மட்டும்தான். அந்தப் பச்சை கலரை நாம இங்கேயிருந்தேதான் எடுத்துக்கிட்டுப் போறோம்.

தேர் கோணலாப் போறது முதல்ல தெரியறது, சக்கரத்துக்குப் பக்கத்துல கட்டையோட நிக்கறவருக்குத்தான். வடத்தோட நுனியைப் பிடிச்சிருக்கறவருக்குத் தெரியாது. நாளைக்குக் கம்பெனியில சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கப்போறது, புதுசா சேர்ற நீங்கதான். அப்ப வாய் வரணும்னா இப்பவே பழகணும்.

அடுத்த ரிவ்யூவுல, "லாகின் பேஜ் மட்டும்தான் சார் ஓடுது, இந்த இடத்துல மாட்டிக்கிட்டோம்"னு சொல்லிப் பாருங்க. திட்டு விழும். விழட்டும். சரி பண்ண மூணு மாசமாவது மிச்சம் இருக்குமே!